பிடித்த நாவலும் நான் எடுக்காத டிக்கெட்டும்

நேற்று நம் இணைய வாசகர் குழுவில் எனக்குப் பிடித்த நாவலின் அட்டைப்படத்தைப் போட்டேன். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகும் பெண்ணின் கதை.

இன்று மாலை, அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி போகும் மினி பஸ். காசை நீட்டினேன்.

"ஒங்களுக்கு எடுத்தாச்சும்மா" என்றார் கண்டக்டர்.

சொந்தக்காரர்கள் இப்படி முந்திக்கொள்வது எங்கள் பக்கம் வழக்கம்தான். திரும்பினேன். பின் சீட்டில் முன்பின் பார்த்திராத ஒருவர்.

"ஒங்க சித்தப்பாவுக்கு வேண்டியவன்த்தா. நீ போட்ட புத்தகத்தப் பாத்தோம்."

பார்த்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. பார்த்தோமாம்.

"நீ போடுறதுக்குக் கீழ தெனமும் ஒரு பையன் எழுதுறானே, அவன் எந்த ஊரு?"

"தெரியாதுண்ணே. புத்தகம் படிக்கிறவரு, அம்புட்டுத்தான்."

"கதையில அந்தப் புள்ள கடைசியில என்ன ஆகுது?"

"படிச்சுப் பாருங்க."

"படிச்சுத்தான் தெரியணுமாக்கும்?" என்று சிரித்தார்.

என் நிறுத்தம் வருவதற்குள், "நம்ம புள்ள எறங்குது, நிப்பாட்டுப்பா" என்று அவரே குரல் கொடுத்தார். அவர் இறங்கவில்லை. பஸ் வளைவில் மறையும்வரை ஜன்னல் வழியே என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

முடிவைச் சொல்லிவிடாதே என்று நேற்று என்னைத் திட்டினீர்கள். இங்கே படிக்காதவர்களுக்கும் முடிவு தெரிந்திருக்கிறது, நண்பர்களே.

கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் உயிரோடு இருக்கிற நாவல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். நாளைக்கு அந்த அட்டைப்படத்தைப் போடுகிறேன்.

இந்தப் பதிவையும் 'பார்த்தோம்' என்று வரப்போகிறவர்களும் சொல்லலாம்.