ஷிப்ட் கீயில் என் விரல்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்த பிறகு நடை தேறிவிட்டது, பேச்சு தேறிவிட்டது, என்னைத் திட்டுவது முதல் வாரத்திலேயே தேறிவிட்டது. வலது கைதான் படுத்தியது. மன்னார்புரத்தில் ஓர் அலுவலகத்தில் கடிதங்கள் டைப் செய்வது அவள் வேலை. "யார் உதவியும் இல்லாம தனியா செய்ய முடியும்னா வாங்க மேடம்" என்று ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். வீட்டில் சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது.

ஸ்ரீரங்கத்து வீட்டில் தினமும் காலையில் கம்ப்யூட்டர் முன் உட்காருவோம். இடது கையால் தட்டுவாள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வந்தால் ஷிப்ட் கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு கைக்கு அது எட்டாது. அதற்குத்தான் நான். "ஷிப்ட்" என்பாள், அழுத்துவேன். "விடுங்க" என்பாள், விடுவேன். பெரிய எழுத்து கலந்த பாஸ்வேர்டைக்கூட என்னிடம் சொல்லித்தான் போட வேண்டியிருந்தது. ரயில்வே பணிமனையில் முப்பது வருடம் யார் பேச்சையும் லேசில் கேட்காத ஆள் நான். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மணி நேரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் பொறுமை கிடையாது. அவள் அடுத்த எழுத்தைத் தேடும்போது என் விரல் ஷிப்ட்டை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருக்கும். ஐந்து தட்டு ஆனதும் ஒரு சத்தத்தோடு திரையில் பெட்டி ஒன்று வந்து ஏதோ கேட்கும். சனியன் என்று 'நோ' கொடுத்து மூடுவேன். மூன்று வாரம் மூடினேன்.

ஒருநாள் மூடப்போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. என்ன கேக்குதுன்னு படிக்கிறேன்."

படித்தாள். 'எஸ்' கொடுத்தாள். ஷிப்ட்டை ஒருமுறை தட்டிவிட்டு விரலை எடுத்தாள். பிறகு நிதானமாக ஓர் எழுத்து. பெரிய எழுத்தாக விழுந்தது. சேர்த்துப் பிடிக்க வேண்டாம், ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும். அந்த வசதி வேண்டுமா என்றுதான் பெட்டி தினமும் கேட்டிருக்கிறது.

"இத்தனை நாளா இதையா மூடிட்டு இருந்தீங்க?"

எனக்கு வெட்கம் பாதி, சந்தோஷம் பாதி.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்றாள். திரும்பினேன். பின்னால் தட்டும் சத்தம் கேட்டது, மெதுவாக, நிற்காமல்.

"பாஸ்வேர்ட மாத்திட்டேன்."

"என்னன்னு?"

"அது உங்களுக்கு எதுக்கு? போய் காபி போடுங்க."

போட்டுக் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை அவள் பஸ் ஏறிப்போனாள். அந்தப் பாஸ்வேர்ட் இன்றுவரை எனக்குத் தெரியாது.