அவர்கள் ஜேர்மனியில் இருந்தது உண்மையா?

கலியாணம் பேசும் தொழிலில் சந்தேகம்தான் முதலில் வரும், சாதகம் அதற்குப் பிறகுதான். ஒரு சம்பந்தமாவது பேசிப் பார்த்தவர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

சட்டனில் ஒரு தாய்

லண்டன் சட்டனில் இருக்கும் ரஞ்சினியின் மகள் மலருக்கு ஈஸ்ட் ஹாம் பொடியன் ஒருவனைப் பேசினேன். இருவரும் சந்தித்து, பிடித்தும் போயிற்று. இனி வேறு யாரையும் பார்க்க வேண்டாம் என்று மலர் சொல்லிவிட்டாள். ஆனால் பொடியனின் குடும்பத்தை லண்டனில் யாருக்கும் தெரியவில்லை. ஜேர்மனியில் நெடுங்காலம் இருந்ததாகச் சொன்னார்கள். வேறு எங்கோ செய்த வில்லங்கத்தை மறைக்கத்தான் ஜேர்மனி என்கிறார்களோ என்று ரஞ்சினிக்குப் பயம். அவர்கள் சொன்ன அதே ஊரில் வாழ்ந்து, கணவரை அங்கேயே தகனம் செய்துவிட்டு வந்தவள் நான். அவர்கள் அங்கே வந்தது நான் அந்த ஊரைவிட்டு வெளிக்கிட்ட பிறகாம்.

“அக்கா, தேத்தண்ணி குடிக்கப் போற மாதிரிப் போய்க் கிண்டிப் பாருங்கோ. பொய்யெண்டா இந்தப் பேச்சு இதோட சரி.”

நகரமண்டபத்து மணி

ஒரு ஞாயிறு மத்தியானம் பொடியன் வீட்டுக்குப் போனேன். அந்த ஜேர்மன் ஊர் நகரமண்டபம் ஐந்நூறு வருசப் பழசு என்றார் பொடியனின் தகப்பன் சிவநேசன். எனக்குச் சுருக்கென்றது. அது இரண்டாம் உலகப் போரில் எரிந்து, ஊர்ச்சனம் பழைய படங்களைப் பார்த்துக் கல்லுக் கல்லாகத் திரும்பக் கட்டியது. எரிந்த நாளில் வருடந்தோறும் எல்லாத் தேவாலய மணிகளும் ஒன்றாக அழும். கடைத்தெரு பேச்சை நிறுத்திவிடும். அங்கே இருந்தவருக்கு இது தெரியாதா? மணிச்சத்தம் கேட்டதில்லையா என்று மெல்ல விசாரித்தேன். உணவகக் குசினியில் கோப்பை கழுவும்போது கேட்குமாம். யாரோ பெரிய மனிதரின் செத்தவீடு என்று நினைத்தாராம். ஒவ்வொரு வருடமுமா என்றேன்.

“பெரிய ஆக்கள் வருசா வருசம் சாகினந்தானே, அக்கா.”

வாசலில் போத்தல்கள்

சரிவராது என்று முடிவெடுத்து எழும்பினேன். மலரின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

பொடியனின் தாய், தெருமுனைத் தொட்டியில் போடுவதற்கு வெறும் போத்தல்கள் நிறைந்த பையோடு என்னுடன் வெளிக்கிட்டார். சிவநேசன் பதறி ஓடிவந்து பையைப் பறித்தார். இன்றைக்கு ஞாயிறு, கண்ணாடி உடையும் சத்தம் அயலுக்குக் கேட்கக் கூடாது, நாளைக்குப் போடலாம் என்று மனைவியைக் கண்டித்தார். அந்த நேரம் பக்கத்து வீட்டில் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஜேர்மன் ஊரில் ஞாயிற்றுக்கிழமை போத்தல் போடத் தடை. வந்த புதிதில் நானும் வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன். சரித்திரத்தைப் படித்து ஒப்பிக்கலாம். இந்தப் பயத்தை நடிக்க முடியாது. பஸ் தரிப்பிலிருந்தே ரஞ்சினிக்குப் போன் எடுத்து, அங்கேதான் இருந்திருக்கிறார்கள் என்று காரணத்தோடு சொன்னேன்.

“போத்தலை நம்பியோ என்ர பிள்ளையைக் குடுக்கச் சொல்லுறியள்?”

ஆவணியில் கொடுத்தாள்; ஊரின் சரித்திரம் தெரியாதவரைச் சம்பந்தியாக்கலாம், அயலுக்குப் பயப்படாதவரைத்தான் ஆக்கக் கூடாது என்பது இத்தனை கலியாணங்களுக்குப் பிறகு எனக்கு மிஞ்சிய ஞானம்.