பக்கத்துக் கட்டிலில் கேட்ட ரஷ்யக் கதை

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதச் சாரல் சமயம். என் கணவருக்குத் தென்காசியில் கண்புரை ஆபரேஷன் முடிந்து, அன்று ஒருநாள் தங்கிப் போகச் சொல்லியிருந்தார்கள். வாசிக்காமல் அவருக்குப் பொழுது போகாது. கண்ணில் கட்டோடு படுத்துக்கொண்டு, "அந்த ரஷ்யக் கதைப் புத்தகத்த எடு. நீ வாசி, நான் கேக்கேன்" என்றார்.

கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய தமிழ் மொழிபெயர்ப்பு. அட்டை கிழிந்து, நூல் போட்டுத் தைத்து வைத்திருக்கிறார். வீட்டில் எத்தனையோ புதுப் புத்தகங்கள் இருந்தாலும், உடம்புக்கு முடியாவிட்டால் அதைத்தான் கேட்பார். எனக்கு அதில் ஈடுபாடு கிடையாது. பெயர்கள் வாயில் நுழையாது. பனியும் குதிரை வண்டியும் நமக்கு எதற்கு என்று நினைப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் சுரண்டையில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. அவருக்கும் அன்றுதான் ஆபரேஷன். துணைக்கு அவர் மனைவி. எங்களுக்கு முன்பின் பழக்கமில்லை. அண்ணாச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, தணிந்த குரலில்தான் வாசித்தேன்.

ஏதோ ஒரு பனிக் கிராமத்து அண்ணன் தம்பி கதை. அப்பா இறந்தபின் குதிரை யாருக்கு என்று சண்டை வந்து பேச்சு நின்றுவிடுகிறது. பல வருஷம் கழித்து, அண்ணன் சாகக் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டுத் தம்பி போகிறான். கதவைத் தட்டக் கையைத் தூக்கியவன், தட்டாமலே திரும்பி நடக்கிறான்.

"நிறுத்துங்க!"

அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. "யாரு சொல்லி இத வாசிக்குதீய? எங்க அண்ணன் வீட்டு ஆளா நீங்க?"

நான் புத்தகத்தை நீட்டினேன். அவர் மனைவி வாங்கி முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "ரஷ்யாக்காரர் யாரோ எழுதுனதுங்க" என்றார்.

"எழுதுனவரு செத்தே நூறு வருசத்துக்கு மேல ஆச்சு அண்ணாச்சி" என்றார் என் கணவர்.

அண்ணாச்சி அப்படியே அடங்கிப் போனார். "வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்புனது எனக்கு மட்டுந்தான தெரியும்..."

"எப்பங்க போனீய? எங்கிட்டகூடச் சொல்லலியே!" அதிர்ந்துபோனார் அவர் மனைவி.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அண்ணன் வீடு குற்றாலத்தில். கடையைப் பாகம் பிரித்ததில் வந்த மனக்கசப்பு. அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். அந்த வருஷப் பொங்கலன்று இவர் யாருக்கும் தெரியாமல் போய், கதவுக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

"மிச்சத்தையும் வாசிங்கம்மா. அந்த அண்ணன் பொழச்சானா?" என்று கேட்டார்.

என் கண் ஏற்கெனவே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. விடிவதற்குள் அந்த அண்ணன் இறந்துவிடுகிறான். புத்தகத்தை மூடினேன்.

"உங்க அண்ணன் இருக்காருல்லா, அண்ணாச்சி" என்றேன்.

மறுநாள் காலையில் கட்டுப் பிரித்ததும், அண்ணாச்சியும் மனைவியும் சுரண்டைக்குப் போகாமல் நேரே குற்றாலத்துக்கு ஆட்டோ பிடித்தார்கள்.

அடுத்த வாரம் கண்ணைக் காட்டப் போனபோது அவர்களைப் பார்த்தோம். குற்றாலத்து வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் குழறிக் குழறிக் கேட்ட முதல் கேள்வியை அவர் மனைவிதான் சொன்னார்: "ஏலே, பொங்கலுக்கு வாசல் வரைக்கும் வந்துட்டு ஏம்ல திரும்பிப் போன? சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தானல கெடந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணாச்சி கண்ணுக்குக் கையைக் கொண்டுபோனார். "கண்ணக் கசக்காதீங்க, டாக்டர் வைவாரு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் மனைவி.

எங்கோ பனியில் உட்கார்ந்து ஒருவர் எழுதியது, இத்தனை காலம் கழித்து, நம் பாஷையில் வந்து, சுரண்டைக்காரர் ஒருவரை அண்ணன் வீட்டுக்குள் போக வைத்ததை நினைத்தால் இன்றும் எனக்குத் திடுக்கென்கிறது. 'நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்' என்று எந்தக் கதையைப் பற்றியும் இப்போது என்னால் சொல்ல முடிவதில்லை.