மூன்றரை மணிக்கு வரும் குரல்

வெளிநாடு போகிறவர்களின் வீடுகளில் போய் இருந்துகொடுக்கத் தொடங்கி ஏழெட்டு வருடமாகிறது. வீடு பார்ப்பது என்பது பெயருக்குத்தான். வீடு எங்கே ஓடிப்போகப் போகிறது? உள்ளே விட்டுவிட்டுப் போகிற உயிர்களுக்குத்தான் ஆள் வேண்டும். பூனை பார்த்திருக்கிறேன். கோழி பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் கண்ணாடித் தொட்டி நிறைய மீன். கடற்கரையில் பிறந்து வளர்ந்த நான் மீனுக்குச் சாப்பாடு போட்டது அங்கேதான் முதல் தரம்.

கொழும்புத்துறையில் தம்பியின் வீட்டில் இருக்கிறேன். தம்பி, மச்சாள், அவர்களின் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள் என்று நிறைந்த வீடு. எல்லோரும் கதைப்பார்கள், அதனால் நான் கதைக்க வேண்டி வருவதில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்குக் குரல் குறைவு. ஐந்தாம் வகுப்போடு நின்றேன். அந்த ஐந்து வருடத்திலும் பேர் கூப்பிடும்போது வாயில் சத்தம் வராமல், வகுப்பு வாங்கிலே இருந்துகொண்டே வராதவளாக எத்தனையோ நாள் இடாப்பில் பதியப்பட்டிருக்கிறேன்.

உடுவிலில் ஒரு ரீச்சர். படிப்பித்து ஓய்வு எடுத்தவர், கணவர் இல்லை. வீட்டில் அவரும் ஒரு நாயும்தான். கனடாவில் இருக்கிற மகள் ஆறு மாதம் வந்து நிற்கச் சொல்லி ரிக்கற் அனுப்பியிருந்தாள். நாயை யாரிடமும் கொடுக்க ரீச்சருக்கு மனமில்லை. யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, குசினிக்குள்ளை மீன், மச்சம் மட்டும் வேண்டாம். அவரும் என்னைப் போலை மரக்கறிதான்" என்றார். அவர் என்றது நாயை. தவிட்டு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். அதற்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் ரீச்சர் "அப்பன்" என்றுதான் கூப்பிடுவார். சோறும் பருப்பும் தயிரும் பிசைந்து, வெள்ளிக்கிழமையில் ஒரு துண்டு வடையும் வைப்பார்.

போகிறதற்கு முதல் நாள் மருமகன் சொல்லி அனுப்பிய ஆட்கள் வந்து விறாந்தையில், கதவுக்கு மேலே, ஒரு கமரா பூட்டினார்கள். வெள்ளையாய்க் கோழிமுட்டை அளவு. அதற்குள் ஒரு பச்சை வெளிச்சம்.

"கனடாவிலை இருந்து பாக்கலாம் அக்கா. கதைக்கவும் ஏலும். நீங்கள் கதைக்கிறதும் எனக்குக் கேக்கும்."

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆளில்லாத வீடு என்றுதானே நான் இந்த வேலைக்கே வந்தேன்.

ரீச்சர் போன பிறகு நான் விறாந்தைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். பின்கதவால் வந்து பின்கதவால் போவேன். கூட்டும்போது முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோடு சுவராய் நகர்ந்து கூட்டுவேன். நான்காம் நாள் பின்னேரம் மூன்றரை மணி. குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். முன்னால் ரீச்சரின் குரல் கேட்டது.

"அப்பன்! என்ரை ராசா! சாப்பிட்டியளோ?"

ரீச்சர் திரும்பி வந்துவிட்டாரோ என்று நானே ஓடிப் போனேன். நாய் எனக்கு முதல் ஓடிவிட்டது. கேற்றுக்குப் போனது, அறைக்குள் போனது, அலுமாரிக்குப் பின்னால் மணந்து பார்த்தது, திரும்பி வந்தது. வால் ஆடின ஆட்டத்தில் உடம்பு முழுக்க ஆடியது.

"அக்கா, உங்களைக் காணேல்லை. ரெண்டு நாளாப் பாக்கிறன், ஒரு சீலைக்கரை மட்டும் தெரியுது. எங்கை நிக்கிறியள்?"

"இஞ்சைதான்" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்கோ."

"இஞ்சைதான் ரீச்சர்."

"பேய் பிசாசு மாதிரி ஒளிச்சுத் திரியாதேங்கோ அக்கா, எனக்குப் பயமாக் கிடக்கு" என்று சிரித்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் மூன்றரைக்கு அந்தக் குரல் வரும். அங்கே அப்போது விடியாத நேரமாம், வீட்டில் எல்லோரும் நித்திரையாம். நாயோடு அரை மணி கதைப்பார். பனி கொட்டுகிறது என்பார். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வருகுதில்லை என்பார். அங்கத்தைய தேங்காய்ப்பால் ருசியில்லை என்பார். கடைசியில் எனக்கும் இரண்டு வார்த்தை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் கிழமை நாயில் மாற்றம் கண்டேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அது கண்டுபிடித்துவிட்டது. கமராவுக்கு நேர் கீழே போய், சுவரில் முன்கால் இரண்டையும் வைத்து நின்று விறாண்டியது. குரல் நின்ற பிறகும் நின்றது. பிறகு அந்த இடத்திலேயே படுத்தது. அடுத்த நாள் காலையிலும் அங்கேயே கிடந்தது, முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு. தட்டைக் கொண்டுபோய் வாயடியில் வைத்தேன். மணந்துகூடப் பார்க்கவில்லை.

நேர் கீழே கிடந்தால் கமராவுக்குத் தெரியாதாம். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. ரீச்சருக்கு நாயைக் காணவில்லை. அதனால் கூடக் கூடக் கூப்பிட்டார்.

"அப்பன் எங்கை? ஏன் ஒளிக்கிறியள்? வாங்கோ ராசா, முகத்தைக் காட்டுங்கோ!"

அவர் கூப்பிடக் கூப்பிட அது சுவரோடு ஒட்டியது.

"படுத்திருக்கிறார் ரீச்சர்" என்று சொன்னேன். என் சத்தம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. சாப்பிடுகிறதில்லை என்பதைச் சொல்ல வாய் எடுத்து, பிறகு அடக்கிக்கொண்டேன். அவ்வளவு தூரத்தில் இருக்கிறவரிடம் என்னத்தைச் சொல்லுவது?

ஐந்து நாளாகியது. கழுத்துப்பட்டியை இரண்டு ஓட்டை உள்ளே இழுத்துப் பூட்டவேண்டி வந்தது. சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவரிடம் கொஞ்சம் சூடை மீன் வாங்கி, வளவின் பின்பக்கம் மாமரத்தடியில் மூன்று கல் வைத்து அவித்தேன். குசினிக்குள் வேண்டாம் என்றுதானே ரீச்சர் சொன்னவர் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலியால் எட்டிப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும், தையல்காரி. அவளின் மனிசன் ஓட்டோ ஓடுகிறவர்.

"எணை ஆச்சி, ரீச்சர் வீட்டிலை மீன் மணக்குது! கூரை இடிஞ்சு விழப்போகுது, வெளியிலை வந்து நில்லுங்கோ!"

"நாய்க்குப் பிள்ளை" என்றேன்.

"பூனையெண்டாலும் நம்பலாம்."

முள் எடுத்துக் கொண்டுபோய் வைத்தேன். நாய் ஒரு தரம் மணந்தது. திரும்பவும் மேலே பார்த்தது. மீனை நான்தான் சாப்பிட்டேன். ருசிக்கவில்லை.

அவளின் மனிசன் ஓட்டோவில் எங்களை மிருக வைத்தியரிடம் கூட்டிப்போனார். வைத்தியர் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "உடம்பிலை வருத்தம் ஒண்டும் இல்லையம்மா. ஆரையோ தேடுது. இப்பிடியே கிடந்தால் கன நாள் தாங்காது, எப்பிடியாவது சாப்பிடப் பண்ணுங்கோ" என்று ஒரு ஊசி போட்டு விட்டார். ஓட்டோவில் அது என் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தது. பாரமே இல்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் கறண்ட் நின்றது. பின்னேரம் வரையும் வரவில்லை. பச்சை வெளிச்சம் இல்லை, மூன்றரைக்குக் குரலும் இல்லை. நாய் காத்திருந்து பார்த்தது. பொழுதுபட எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தது. பிறகு என் பின்னால் குசினி வாசலுக்கு வந்து நின்றது. கையில் பிசைந்து நீட்டினேன். நாலு வாய் வாங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் கறண்ட் வந்தது. குரலும் வந்தது. நாய் சுவரடிக்குப் போய்விட்டது. அப்போதுதான் எனக்கு முழுக்க விளங்கியது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொன்னேன். "உதுக்கு ஏன் யோசிக்கிறியள்? வயரைப் பிடுங்கி விடுங்கோ ஆச்சி. கேட்டால் கறண்ட் இல்லையெண்டு சொல்லலாம்" என்றாள்.

ரீச்சரிடம் வாய் திறந்து சொல்லுவதைவிட வயரைப் பிடுங்குவது எனக்கு லேசாக இருந்தது. பிடுங்கினேன். அன்று பின்னேரம் என் சின்னப் போன் அடித்தது. எடுத்தால் பொய் சொல்லவேண்டும். எடுக்கவில்லை. தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, பின்பக்கம் போய்ச் செபமாலை சொன்னேன். சத்தம் அங்கேயும் கேட்டது. அடுத்த நாளும் அடித்தது. ஆனால் நாய் அந்த இரண்டு நாளும் சாப்பிட்டது. கேற்றடி வரைக்கும் போய், ரோட்டால் போன ஒரு மாட்டைப் பார்த்துக் குலைக்கவும் செய்தது.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை போனும் கையுமாக ஓடி வந்தாள். போனை நெஞ்சோடு பொத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ரீச்சர் அழுறா ஆச்சி. நாய் செத்துப்போச்சுதாம், நாங்கள் ரெண்டு பேரும் சேந்து மறைக்கிறமாம். நான் சொல்லியும் நம்புறாவில்லை. நீங்களே கதையுங்கோ."

போனை வாங்கிக்கொண்டு, நாய்க்குக் கேட்காத தூரமாய்க் கிணற்றடிக்குப் போனேன்.

"அக்கா, அவர் இருக்கிறாரோ?"

"இருக்கிறார் ரீச்சர்."

"பொய் சொல்லாதேங்கோ!"

"வயரை நான்தான் கழட்டினனான்."

கிணற்றுக்கட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னேன்.

"உங்கடை குரல் கேட்டால் அவர் சாப்பிடுறாரில்லை. நீங்கள் அதுக்குள்ளை இருக்கிறியள் எண்டு நினைச்சுச் சுவரடியிலை கிடக்கிறார். உருகிப்போனார். குரல் கேக்காத நாளிலைதான் சாப்பிடுறார். நீங்கள் பாருங்கோ ரீச்சர், கதையாதேங்கோ."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

"என்ரை நாயோடை என்னைக் கதைக்க வேண்டாம் எண்டுறியளோ?" வகுப்பில் கேட்கிற குரலில் கேட்டார்.

'இல்லை ரீச்சர்' என்று நாக்கு நுனி வரையும் வந்துவிட்டது. கழுத்துப்பட்டியின் அந்த இரண்டு ஓட்டையை நினைத்தேன்.

"ஓம் ரீச்சர்" என்றேன்.

உள்ளே வந்து வயரைப் பூட்டினேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, நாயைப் பட்டியில் பிடித்துக் கூட்டிவந்து விறாந்தையின் நடுவில் நின்றேன். முந்தானையைத் தலையில் போடவில்லை. பச்சை வெளிச்சம் எரிந்தது. காதுக்குள் ரீச்சர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"மெலிஞ்சு போனியள் அப்பன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கொஞ்சம் பொறுத்து, "இஞ்சை எல்லாரும் எழும்பினவுடனை ஓட்டம்தான் அக்கா. நான் வாய் திறக்கிறது அந்த அரை மணித்தியாலம்தான்" என்றார்.

எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு குரல் வரவில்லை. நாய் மெல்ல மெல்லத் தேறியது. பட்டியை ஒரு ஓட்டை தளர்த்தினேன், பிறகு மற்ற ஓட்டையும். விறாந்தைப் படியில், கமராவுக்குத் தெரிகிற இடத்திலே படுக்கப் பழகியது. நாய் பிழைத்துக்கொண்டது, எனக்கு அது போதும்தான்.

ஆனால் மூன்றரை மணி வந்தால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அந்த வீட்டில் ஒரு மனிதக் குரல் அது ஒன்றுதான் என்று, நின்ற பிறகுதான் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் நின்று நான் ஒட்டுக்கேட்ட பனியும், பேரப்பிள்ளைகளும், கனடாத் தேங்காய்ப்பாலின் ருசியும் எனக்கு என்னவோ சொந்தக்காரரின் வீட்டுப் புதினம் போல இருந்திருக்கிறது. மூன்று மணிக்கே முகம் கழுவி, தலை இழுத்து, கதிரையை நாய்க்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருப்பேன். ரீச்சர் நாயைத்தானே பார்ப்பார், பக்கத்தில் நானும் இருந்தால் என்ன என்று. ஒரு நாள் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். உடனே வெட்கமாகப் போய்விட்டது. தலைமயிரைத் தடவுகிற மாதிரிக் கையை இறக்கினேன். அவர் பார்த்தாரோ, அன்றைக்கு எழும்பாமல் நித்திரை கொண்டாரோ, தெரியாது. அந்த வெளிச்சம் ஆள் பார்த்தாலும் பச்சைதான், பார்க்காவிட்டாலும் பச்சைதான்.

இப்படியே மழைக்காலம் போய், மாமரம் பூத்து, பிஞ்சும் விட்டது.

ரீச்சர் வந்த அன்று காலையிலேயே முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்தேன். வான் வந்து நின்ற சத்தம் கேட்டு நானும் நாயும் கேற்றடிக்குப் போனோம். தடித்த சட்டையோடு ரீச்சர் இறங்கினார். கேற்றுக்கு வெளியே நின்றே இரண்டு கையையும் விரித்தார்.

"அப்பன்! என்ரை ராசா!"

நாய் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு திரும்பி, முழு வேகத்தில் விறாந்தைக்கு ஓடியது. சுவரில் இரண்டு காலையும் வைத்து எழும்பி நின்று, கமராவைப் பார்த்து வாலை ஆட்டியது.

"நான் இஞ்சை நிக்கிறன் ராசா, இஞ்சை" என்றார் ரீச்சர். அவர் சொல்லச் சொல்ல அது சுவரை விறாண்டியது.

வான்காரர் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். ரீச்சர் மெதுவாய் நடந்துபோய் விறாந்தை நிலத்தில் இருந்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையை மட்டும் நீட்டி வைத்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து நாய் காலைக் கீழே இறக்கியது. கையை மணந்தது. செருப்பை மணந்தது. திரும்பவும் கையை மணந்தது. பிறகு அது போட்ட சத்தம் குலைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. ரீச்சரின் மடிக்குள் தலையைச் செருகிக்கொண்டு அது அழுதது என்றுதான் நான் சொல்லுவேன்.

நான் பின்கதவால் போய் என் பையைக் கட்டினேன். இரண்டு சீலை, செபமாலை, அந்தச் சின்னப் போன்.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது ரீச்சர் கேட்டார். "ரெண்டு நாள் நிண்டிட்டுப் போங்கோவன் அக்கா. கதைச்சுக்கொண்டு இருக்கலாம்."

மணி மூன்றரைதான் இருக்கும். அவரின் காலடியில் நாய் படுத்திருந்தது. ஓம் என்று சொல்லத்தான் எனக்கு விருப்பம். நாய்க்காகக் கிணற்றடியில் ஒரு தரம் வந்த என் குரல் எனக்காக வரவில்லை.

"இல்லை ரீச்சர், வீட்டிலை தேடுவினம்" என்றேன்.

பஸ் எடுத்துக் கொழும்புத்துறைக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எல்லோரும் உள்ளே இருந்து ஒரே சத்தமாய்க் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் படுக்கிற மூலையில் ஒரு மா மூட்டையும் பேரப்பிள்ளையின் சைக்கிளும் நின்றன. மச்சாள் திரும்பிப் பார்த்து, "வந்திட்டியளோ? இண்டைக்கே வாறது?" என்றாள்.

"ஓம்" என்றேன். அவளுக்குக் கேட்டிருக்காது. சைக்கிளைத் தள்ளி வைத்துவிட்டுப் பாயை விரித்தேன்.