இடது பக்கம் திரும்பாதவன்

நாட்டுக் கால்பந்து அணியின் எட்டாம் நம்பர், ஆஸ்பத்திரியின் அழுக்குத் துணி லிஃப்டில் ஏறிப் போனது ஒரு புதன்கிழமை மத்தியானம். பொது லிஃப்டில் போனால் நோயாளிகள்கூட வலியை மறந்துவிட்டு அவனோடு போட்டோ எடுக்க நிற்பார்கள் என்று ஸ்கேன்காரர்தான் அந்த வழியைக் காட்டினார். போர்வை மூட்டைகள் ஏற்றிய தள்ளுவண்டிக்குப் பக்கத்தில், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் நின்றான். கூட அவனுடைய அண்ணன். கதவு மூடப் போகும்போது எட்டு கையை நீட்டி அதைப் பிடித்தான்.

"சார், பத்து நாள்தான். அந்த ஒரு மேட்ச் முடிஞ்சதும் நானே ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துக்கறேன். அதுவரைக்கும் வெளிய தெரிய வேண்டாம்."

"நான் பாத்தது ஸ்கேன் ரூமைத் தாண்டாது," என்றார் ஸ்கேன்காரர்.

அண்ணன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கிய கை விட்டுவிட்டு மறுபடியும் வந்து பிடித்துக்கொண்டது. பிறகு கதவு மூடிக்கொண்டது.

ஸ்கேன்காரருக்கு அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. ஜன்னல் இல்லாத அறை, வெளியே மழையா வெயிலா என்று வந்து படுக்கிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். ஆட்களின் முகம் அவருக்கு மனசில் நிற்காது. முழங்கால் நிற்கும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார், அந்த ஆள் இரண்டடி நடந்து காட்டினால் போதும், எந்த வருஷம் வந்தவர் என்று சொல்லிவிடுவார். "என்ன சார் தெரியுது?" என்று கேட்கும் எல்லாருக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "டாக்டர் சொல்வாரு." பேக்கரியில் கேக்குக்குப் பூ வரையும் அவர் மனைவி, குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால்கூட டாக்டர் சொல்லட்டும் என்பார் இந்த மனுஷன் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

எட்டின் வலது முழங்காலுக்குள் இருக்கும் முக்கியமான தசைநார், இழை இழையாகப் பிரிந்த கயிறு மாதிரி இருந்தது. பாதி இழைகள் அறுந்திருந்தன. நேராக ஓடினால் தாங்கும். இடது காலை ஊன்றி வலது பக்கம் திரும்பினால் தாங்கும். வேகமாக வந்து வலது காலை ஊன்றி இடது பக்கம் திரும்பினால் தாங்காது. டாக்டர் எழுதிய அறிக்கையை அண்ணன் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான். அணியின் கோச்சுக்கோ அணி டாக்டருக்கோ அது போய்ச் சேரப் போவதில்லை. அடுத்த சனிக்கிழமை ஜெயித்தால் முப்பது வருஷத்துக்குப் பிறகு நாடு பெரிய போட்டிக்குத் தகுதி பெறும். எட்டுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. இன்னொரு தடவை அவனுக்குக் கிடையாது.

ஊழியர் கேன்டீனில், டிவிக்கு நேர் கீழே இருந்த மேஜை மூன்று பேருக்குச் சொந்தம். ஸ்கேன்காரர், ஆம்புலன்ஸ் டிரைவர், ஸ்டோர்காரர். டிரைவருக்குத் தொண்டையே சைரன். ஸ்டோர்காரர் கையுறைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆட்டங்களைப் பற்றி இணையத்தில் எழுதுவார். அவருடைய பக்கத்தை நாற்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். ஸ்கேன்காரரை இருவரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். மரியாதைக்கு அல்ல. வாழ்க்கையில் ஒரு பந்தைக்கூட உதைக்காதவர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்ற கிண்டலுக்கு.

அந்த மாதம் முழுக்க மேஜையில் ஒரே பேச்சுதான். புதுக் கோச், நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்த எட்டை வலது ஓரத்துக்குத் தள்ளியிருந்தார். முன்பெல்லாம் ஓரத்தில் பந்து கிடைத்தால் சட்டென்று உள்ளே வெட்டி வந்து கோலைப் பார்த்து அடிப்பவன், இப்போது கோட்டை ஒட்டியே ஓடி, மூலையிலிருந்து பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நிற்கிறான். தப்பு கோச்சுடையது, சமையல்காரனைக் கொண்டுபோய் வாசலில் காவலுக்கு நிறுத்திய கதை இது என்பது ஸ்டோர்காரர் கட்சி. எட்டுக்குத் தலைக்கனம், சோம்பேறி என்பது டிரைவர் கட்சி. ஸ்கேன்காரர் எப்போதும் எட்டின் கட்சி. ஆனால் அவர் வாதம் ஒருநாளும் எடுபட்டதில்லை.

புதன்கிழமைக்குப் பிறகு நாலு நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, டிரைவர் பன்னைப் பிய்த்துக்கொண்டே, எட்டு வெளிநாட்டு கிளப்புக்குப் போவதற்காகக் காலைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிறான், நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏமாற்றுகிறான் என்றார். பக்கத்து மேஜையில் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள்.

"வாயில வந்ததைப் பேசாதீங்க," என்றார் ஸ்கேன்காரர்.

"பார்றா, மாஸ்டருக்குக் கோவம் வருது. அப்ப நீங்களே சொல்லுங்க, அவன் ஏன் உள்ள வர மாட்டேங்கறான்?"

ஸ்கேன்காரர் உப்புக் குப்பியை மேஜையின் வலது ஓரத்தில் வைத்தார்.

"இங்க நிக்கறவன் உள்ள வரணும்னா இடது பக்கம் திரும்பணும். அவன் திரும்ப மாட்டான்." குப்பியை எடுத்து இடது ஓரத்துக்கு மாற்றினார். "இங்க வெச்சுப் பாருங்க. உள்ள வர வலது பக்கம் திரும்புவான். வலது பக்கம் திரும்பினா அவனை எவனும் புடிக்க முடியாது. ஆளை மாத்த வேண்டாம், ஓரத்தை மாத்தினாப் போதும்."

"ஏன் இடது பக்கம் திரும்ப மாட்டான்?"

"திரும்ப மாட்டான். அவ்வளவுதான்."

டிரைவர் மெல்லுவதை நிறுத்தினார். பத்தொன்பது வருஷத்தில் அந்த மேஜையில் முதல்முறையாக ஸ்கேன்காரரின் வாதம் எடுபட்டது. ஸ்டோர்காரர் மட்டும் மெதுவாக, "மாஸ்டர், இந்த பாயிண்ட்டை எங்க புடிச்சீங்க?" என்று கேட்டார்.

"கண்ணு இருந்தாத் தெரியும்."

அன்றைக்கு அவர் அடித்தளத்துக்குப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார். பொறுக்க முடியாமல் சொன்னது பாதி. வாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்று சொன்னது மீதி. முழங்கால் என்ற சொல்லே தன் வாயிலிருந்து வரவில்லை என்று சாயங்காலம்வரை மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்.

ஸ்டோர்காரர் வீட்டுக்குப் போய்க் கடைசி ஐந்து ஆட்டங்களையும் போட்டுப் பார்த்தார். எட்டுக்கு ஓரத்தில் நாற்பத்தொரு தடவை பந்து கிடைத்திருந்தது. ஒரு தடவைகூட அவன் வலது காலை ஊன்றி இடது பக்கம் திரும்பவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, அம்புக்குறிகள் போட்ட படங்களோடு கட்டுரை வெளியானது. 'எட்டு ஏன் இடது பக்கம் திரும்புவதில்லை?' மத்தியானத்துக்குள் நாடே அதைப் படித்துவிட்டது. சாயங்காலம் எதிரணி நாட்டு ரசிகன் ஒருவன் அதைத் தன் மொழியில் போட்டிருந்தான். அதன் கீழே கைதட்டும் படங்கள் வரிசையாக நின்றன.

ஸ்கேன்காரர் ஸ்டோர் அறைக்கு ஓடினார். கட்டுரையை எடுத்துவிடச் சொன்னார்.

"உங்க பேரைப் போடலைன்னு கோவமா மாஸ்டர்? போட்டுடறேன், இப்பவே போட்டுடறேன்."

"பேரெல்லாம் வேண்டாம். எடுத்துடுங்க."

"ஏன்னு சொல்லுங்க, எடுக்கறேன்."

ஏன் என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அதைச் சொன்னால் அதுவும் அடுத்த நாள் அம்புக்குறியோடு வரும். ஸ்கேன்காரர் சிரிஞ்சுப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஸ்டோர்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நல்ல மனுஷன்தான், அன்றைக்கு அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

கீழே வந்து, புதன்கிழமைப் படிவத்தைத் தேடி எடுத்தார். தொடர்புக்கு என்ற இடத்தில் அண்ணனின் எண் இருந்தது. போனில் எண்களை அழுத்தினார். கூப்பிடும் பட்டன் மட்டும் பாக்கி. நோயாளியின் படிவத்திலிருந்து எண்ணை எடுத்துச் சொந்த போனில் கூப்பிடக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. விதியை மீறக் கூடாது என்று அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. படிவத்தை எடுத்த இடத்தில் வைத்தார்.

மறுநாள் ராத்திரி மனைவியிடம் சொன்னார். அவள் கையில் ஒட்டியிருந்த கிரீமைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நான் முழங்கால்னு ஒரு வார்த்தை சொல்லல," என்று முடித்தார்.

"சரி. அப்ப ஏன் மூணு வேளையா தட்டுல போட்டது தட்டுலயே இருக்கு? அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க. வேலை போனாப் போகுது."

நாளைக்கு என்றார். வியாழனும் வெள்ளியும் நாளைக்கு என்றே போயின. கோச் கட்டுரையைப் பார்த்தால் எட்டை இடது ஓரத்துக்கு மாற்றிவிடுவார், அப்படி நடந்தால் தன்னால் நல்லதுதான் நடந்ததாக ஆகும் என்றும் ஒரு நப்பாசை அவருக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை பேட்டியில் கோச்சிடம் அதைக் கேட்டார்கள். இணையத்தில் எழுதுகிறவர்களை வைத்து நான் அணியைத் தீர்மானிப்பதில்லை என்றார் அவர்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம். கேன்டீனில் நிற்கக்கூட இடம் இல்லை. எட்டு அதே வலது ஓரத்தில் நின்றான். ஐந்தாவது நிமிஷத்திலேயே ஸ்கேன்காரருக்குத் தெரிந்துவிட்டது. எட்டைப் பிடிக்க வேண்டிய எதிரணி மூன்றாம் நம்பர், உள்பக்கத்தைக் காக்கவே இல்லை. கோட்டை ஒட்டி நின்று ஓரத்தை அடைத்துவிட்டு, உள்ளே போகும் வழியைத் திறந்து வைத்திருந்தான். படித்துவிட்டு வந்திருந்தான். எட்டு பந்தை வாங்குவதும் பின்னால் கொடுப்பதுமாக முதல் பாதி போயிற்று. இரண்டாம் பாதியில் மைதானமே அவனைப் பார்த்து ஊளையிட்டது.

அறுபத்து மூன்றாவது நிமிஷம். கோல் எதுவும் விழவில்லை. பந்து எட்டிடம் வந்தது. அவனுக்கு இடது பக்கம், கோல்வரைக்கும் ஆளே இல்லாத பச்சைத் தரை.

"உள்ள போடா," என்றார் டிரைவர். கேன்டீன் முழுக்க அதையே சொன்னது. டிவிக்குள் மைதானமும் அதையே சொன்னது. எட்டு ஒரு நொடி தலையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு வலது காலை ஊன்றினான்.

அவனை யாரும் தொடவில்லை. மூன்றாம் நம்பர் இரண்டடி தள்ளியே நின்றான். எட்டு முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

"நடிக்கிறான்," என்றார் டிரைவர், குரல் இறங்கி. மைதானத்துக்குள் ஸ்ட்ரெச்சர் வந்தது. ஸ்கேன்காரர் அதற்குள் எழுந்து படியிறங்கியிருந்தார். கீழே மெஷின் வழக்கம்போல டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

நாடு தோற்றது. எட்டுக்கு இரண்டு ஆபரேஷன் நடந்ததாகப் பேப்பரில் வந்தது. அதன் பிறகு அவனைப் பற்றி ஒன்றும் வரவில்லை. புதுக் கோச் போனார், இன்னொரு கோச் வந்தார், வலது ஓரத்துக்கு வேறு ஒரு பையன் வந்தான், அவனைப் பற்றியும் மேஜையில் கட்சி பிரிந்து பேசினார்கள். ஸ்டோர்காரரை டிவியில் ஆட்டத்தை அலசக் கூப்பிட்டார்கள். முதல் நாள் போய்விட்டு வந்து, "அந்த பாயிண்ட் உங்களுது மாஸ்டர், நான் மறக்க மாட்டேன்," என்று தோளைத் தொட்டார். அதற்குப் பிறகு ஸ்கேன்காரர் கேன்டீனுக்குப் போகவில்லை. மனைவி கட்டிக்கொடுத்ததை மெஷினுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி சாப்பிட்டார். வீட்டு டிவியில் பந்து ஓடும் சத்தம் கேட்டால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். மனைவி ஒன்றிரண்டு முறை எட்டைப் போய்ப் பார்க்கலாம் என்றாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள். அவரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பதையும் எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

நாலு வருஷம் கழித்து, வேலை நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது.

"சார், நான் எட்டாம் நம்பர் ஆடினவன். துணி லிஃப்ட்ல அனுப்பி வெச்சீங்களே, ஞாபகம் இருக்கும்னு நினைக்கறேன். ரிசப்ஷன்ல கெஞ்சி உங்க நம்பரை வாங்கினேன். ஒரு குடோன்ல வேலைக்குக் கேட்டிருக்கேன், நிக்கற வேலை, கால் பத்தின பழைய பேப்பர் எல்லாம் கேக்கறாங்க. அன்னைக்கு எடுத்த ஸ்கேன் காப்பி ஒண்ணு கிடைக்குமா? ஒரிஜினல் என் அண்ணன்கிட்ட இருக்கு. அவன்கிட்ட கேக்க முடியாது. மேட்சுக்கு முன்னாடி விஷயத்தை வெளிய விட்டவன் அவன்தான், அதனால நாலு வருஷமா பேச்சு இல்ல. இல்லவே இல்லன்னு அம்மா முன்னாடி சத்தியம் பண்ணினான், நான் நம்பல. எங்களைத் தவிர தெரிஞ்சவங்க டாக்டரும் நீங்களும்தான். நீங்க சொல்லியிருக்க மாட்டீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சார்."