வண்டியின் கழுத்தில் ஓர் எட்டு

"ஏனுங்க... வண்டிக்காரர் வரலீங்களா?"

போன திங்கட்கிழமை, வண்டிகளைச் சோதிக்கிற எஃப்.சி. மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. பேச்சிலேயே நாமக்கல் பக்கத்துக்காரர் என்று தெரிந்துவிட்டது.

"நான்தான் சார் வண்டிக்காரி" என்றேன்.

என்னைப் பார்த்தார். நரைத்த தலை, சுடிதார், கையில் ஹெல்மெட். பிறகு என் பக்கத்தில் நின்ற நூறு சிசி மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். வாங்கி இருபது வருஷம் ஆகிறது. பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தேன். அந்தக் கெடுவும் அந்த வாரச் சனிக்கிழமையோடு முடிய இருந்தது.

நான் கால்நடை ஆய்வாளர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கெங்கவல்லி பக்கத்துக் கிராமங்களில் மாடுகளுக்கு சினை ஊசி போடுவது, காதில் நம்பர் வில்லை மாட்டுவது - இதுதான் வேலை. வண்டியின் ஒரு பக்கம் மருந்துப் பெட்டி, இன்னொரு பக்கம் சினை ஊசிக் குழல்கள் வைக்கிற குளிர் கேன். மரவள்ளிக் காட்டுக்குள்ளும் போவேன், மழை அரித்த தடத்திலும் போவேன். ஒரு தடவைகூட என்னை நடுவழியில் விட்டதில்லை இந்த வண்டி.

அதனால் ஒரு மாசமாகத் தயார் செய்திருந்தேன். பின் டயர் புதுசு. பிரேக் ஷூ புதுசு. இண்டிகேட்டர் நாலும் எரிந்தன. கண்ணாடி இரண்டும் இருந்தன - இருபது வருஷத்தில் இதுவே ஒரு சாதனை! புகை சர்டிபிகேட், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஃபைலில். டேங்கை நானே பாலிஷ் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஹாரனை அழுத்தினார். அடித்தது. பிரேக்கை மிதித்தார். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் மனசுக்குள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அப்புறம் ஹேண்டில் பாருக்குக் கீழே குனிந்தார். வண்டியின் கழுத்து மாதிரி இருக்கும் அந்த இடத்தில்தான் சேஸ் நம்பரைப் பொறித்திருப்பார்கள். அதன் மேல் ஒரு தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் நம்பர் அப்படியே தாளில் விழ வேண்டும்.

தேய்த்தார். தாள் கறுப்பானது. நம்பர்?

"ஒன்னுமே உழுகலீங்களே! பூராத் துரு. நம்பர் தெரியாம நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது? வெள்ளிக்கிழமை கொண்டாங்க, பார்க்கலாம்."

டேங்கை முகம் பார்க்கிற அளவுக்குத் துடைத்தவள், அந்த இடத்தை ஐந்து வருஷமாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான், இல்லையா?

ஆத்தூரில் எனக்கு வழக்கமாக வண்டி பார்க்கிற மெக்கானிக் செல்வத்திடம் போனேன். டார்ச் அடித்துப் பார்த்தான்.

"அக்கா, இதெல்லாம் ஒரு மேட்டரா? என்கிட்ட நம்பர் பஞ்ச் இருக்கு. ஆர்.சி.யப் பார்த்து அதே நம்பர மேல தட்டிட்டா முடிஞ்சுது. அரை மணி நேர வேலை."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. அதே நம்பர்தானே? என் வண்டிதானே? ஆனால் வில்லை தேய்ந்த மாட்டுக்கு நானாக ஒரு நம்பர் எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும்? அப்படிக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லோருக்கும் முடியாது என்று சொன்ன வாய் இது.

"வேண்டாம் செல்வம். உள்ள இருக்கிற நம்பரையே வெளிய எடுக்கிறேன்."

"எமரி பேப்பர் மட்டும் போட்டுராதீங்க. துருவோட சேர்ந்து நம்பரும் போயிரும்" என்றான். நல்லவன்தான்.

அயோத்தியாப்பட்டணத்தில், வீட்டில் வேறு யோசனை காத்திருந்தது. என் கணவர் ஜவுளிக் கடை மேனேஜர். எதையும் புதுசாக வாங்கச் சொல்வதே தொழில். "விட்டுத் தள்ளு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிக்கலாம். சத்தமே வராது."

"சத்தம் வந்தாத்தாங்க நான் வர்றது தெரிஞ்சு மாட்டைப் பிடிச்சுக் கட்டுவாங்க!"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் எனக்குள் பயம் இருந்தது. வெள்ளிக்கிழமையும் நம்பர் விழாவிட்டால் திங்கள் காலை எதில் வேலைக்குப் போவேன்?

செவ்வாய் சாயங்காலம் பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்து அந்த இடத்தில் கட்டினேன். அவிழ்த்து, பல் தேய்க்கும் பிரஷால் மெல்லத் தேய்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி கட்டினேன். புதன்கிழமை முதல் எழுத்து தெரிந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே... சத்தம் போட்டு அவரைக் கூப்பிட்டேன்! வியாழக்கிழமை எழுத்தும் எண்ணுமாகப் பதினேழும் தெரிந்தன. ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கடைசி எண் எட்டு. சரி!

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் பென்சிலால் தேய்த்தார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"கடைசி நம்பர் மூனுங்க. ஆர்.சி.ல எட்டுன்னு இருக்குதே?"

குனிந்து பார்த்தேன். மூன்றுதான்! நேற்று நான் படித்தது வண்டியை அல்ல, ஆர்.சி.யை. இருக்க வேண்டியது எட்டு என்று தெரிந்ததால் என் கண்ணும் எட்டையே பார்த்திருக்கிறது.

"பத்து நிமிஷம் கொடுங்க சார். உங்க கண்ணு முன்னாலயே சுத்தம் பண்றேன்."

யோசித்தார். "பண்ணுங்க. ஆனா ஊசி, கம்பி ஒன்னும் படக்கூடாதுங்க. புதுசாக் கீறல் உழுந்துச்சுன்னா அப்புறம் நம்பரைத் திருத்துன கணக்காயிரும்."

இரும்பு படாமல் துருவைக் கிளற வேண்டும். எதால்? சுவரோரம் ஒரு விளக்குமாறு சாய்ந்திருந்தது. ஓடிப்போய் ஒரு ஈர்க்குச்சியை உருவினேன். பையில் மண்ணெண்ணெய்ப் பாட்டில் இருந்தது. தரையில் முழங்கால் போட்டு, குச்சியின் நுனியை நனைத்து, அந்த மூன்றின் இடது பக்கத்தை மெல்லக் குத்தினேன். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

திடீரென்று நிழல் விழுந்தது. எனக்கு அடுத்து லாரியோடு காத்திருந்த பெரியவர், தோளில் கிடந்த துண்டை விரித்து என் தலைக்கு மேல் பிடித்திருந்தார்.

"உங்களுக்கு நேரம் ஆகுதுங்களே" என்றேன்.

"ஆகட்டும். லாரி எங்க ஓடிப்போவுது? நீ பதறாமப் பண்ணு சாமி."

நான்கு குச்சிகள் முறிந்தன. ஐந்தாவதில் கடுகளவு துரு பொடிந்து விழுந்தது. அதன் கீழே ஒரு வளைவு! இன்னும் கொஞ்சம் கிளறினேன்... இன்னொரு வளைவு! துணியால் துடைத்துவிட்டு எழுந்து நின்றேன்.  அந்த இடத்தைக் கையால் காட்டினேன்.

இன்ஸ்பெக்டர் புதுத் தாள் வைத்துத் தேய்த்தார். கடைசியில், கண்ணாடி போடாமலே படிக்கிற மாதிரி, குண்டாக ஒரு எட்டு.

"எட்டேதானுங்க!" என்றார். அவர் முகத்திலும் சிரிப்பு. "சரி, ஓட்டிக் காட்டுங்க."

ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. மைதானத்தை ஒரு சுற்று சுற்றி, அவர் காட்டிய கோட்டுக்கு ஓரடி முன்னால் பிரேக் பிடித்து நிறுத்தினேன். லாரிக்காரப் பெரியவர் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். மைதானத்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

கையெழுத்து போட்டு ஃபைலை நீட்டினார் இன்ஸ்பெக்டர். "இனி அஞ்சு வருசத்துக்குக் கவலை இல்லீங்க."

எனக்கு இன்னும் மூன்று வருஷம்தான் சர்வீஸ். கவர்மெண்ட் என்னைவிட என் வண்டியைத்தான் அதிகம் நம்புகிறது!