சயாம் கோயிலுக்குப் பூ கொடுத்த கதை

பூ வியாபாரத்தில் சரக்கு வாடுவதற்கு முன்னால் வியாபாரி வாடிவிடுவான். கடை வைத்திருப்பவர்களுக்கும் அவர்களைக் கட்டிக்கொண்டவர்களுக்கும் இது தெரியும். கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் என் பூக்கடை ஓடியதே ஒரு மாரியம்மன் கோயில் ஆர்டரால்தான். இந்த வருடம் அது வேறு கடைக்குப் போய்விட்டது. பெண்டாங் பக்கத்துச் சயாம்காரர்களின் புத்தர் கோயில் ஆர்டரும் கிடைக்காவிட்டால், கடையைச் சாத்திவிட்டு சுங்கை பட்டாணியில் மருமகன் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான்.

எப்ப வந்தீங்க?

ஆர்டரோடு வந்தவர் சுவான் அக்கா. சயாம் பெண்மணி. ரப்பர் தோட்டத்தில் நம்மவர்களோடு பால்மரம் வெட்டியதால் தமிழ் சரளமாக வரும். அவர்களுடைய புத்தாண்டான சொங்க்ரானுக்குச் சின்னச் சின்ன மல்லிகை வளையங்கள் ஐம்பது வேண்டும் என்றார். நாரில் கட்டக் கூடாது, ஊசியில் கோக்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் வருடம் முழுக்க ஆர்டர் எனக்கே.

பேச்சை வளர்க்க நினைத்து, "தாய்லாந்துலேருந்து எப்பக்கா வந்தீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். மாதிரிக்குக் கொண்டுவந்த வளையத்தை மேசையில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு காலத்துல கெடா சுல்தானே சயாம் ராஜாவுக்குக் கப்பமாப் பூ அனுப்பினாரு, அதுவும் தங்கத்துல. அப்பவே எங்க ஆளுங்க இங்க நெல்லு நட்டுக்கிட்டு இருந்தாங்க. நீங்க எப்ப அண்ணே வந்தீங்க?"

ஒரே கூச்சல்

அந்த நேரம் பார்த்து, பூ வாங்க வந்த குமாஸ்தா அம்மா ஒருவர் அந்த வளையத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "மோந்துடாதீங்க!" என்று நான் கத்தினேன். அதே நொடியில் சுவான் அக்காவும் கத்தினார். சாமிக்குப் போகும் பூவை முகரக் கூடாது என்பது அவர்களுக்கும் உண்டாம். அந்த அம்மா பூவை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரையும் ஒரே மாமியாரா வளர்த்தாங்க?"

லோரி

சொங்க்ரானும் நம் சித்திரைப் புத்தாண்டும் ஒட்டிக்கொண்டே வரும். ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மல்லிகை வேண்டும். சொங்க்ரானுக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு வர வேண்டிய லோரி பட்டர்வொர்த்தைத் தாண்டவில்லை. நான் ரோட்டுக்கும் கடைக்குமாக நடந்தேன். டிரைவருக்குப் போன் போட்டேன், வைத்தேன், மறுபடியும் போட்டேன். மூன்று மணிக்குமேல்தான் வந்தான். கையில் ஊசியோடு தயாராக இருந்த என் மனைவி, கூடையைப் பிரித்தபடி சொன்னாள்:

"தங்கத்துல பூ அனுப்பின சுல்தான் புத்திசாலிங்க. லோரி லேட்டானாலும் வாடாது லா."

தலை

மறுநாள் ஐம்பது வளையங்களும் வாடாமல் போய்ச் சேர்ந்தன. அத்தோடு நான் திரும்பியிருக்கலாம். கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இளையவர்கள் மண்டியிட்டு, அவர்கள் கைகளில் வாசனை நீர் ஊற்றி வளையத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கோயில் கமிட்டித் தலைவர். ஆர்டர் அவர் கையில்.

நம் வழக்கப்படி மரியாதை செய்வோம் என்று தனியாக ஒரு ரோஜா மாலை கட்டிக் கொண்டுபோயிருந்தேன். நேரே போய் அவர் கழுத்தில் போட்டேன். மாலை காதில் மாட்டியது. இடது கையால் அவர் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் இழுத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணே, தலையத் தொடக் கூடாது! எங்க ஆளுங்களுக்கு அதுதான் பெரிய அவமரியாதை!" என்று சுவான் அக்கா என் காதருகே பல்லைக் கடித்தார்.

மருமகன் வீட்டு நாற்காலி கண்ணில் தெரிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், மற்றவர்களைப் போலவே மண்டியிட்டு, பக்கத்திலிருந்த கிண்ணத்து நீரை அவர் கைகளில் ஊற்றினேன். அவசரத்தில் பாதி அவர் மடியில் கொட்டியது. பெரியவர் ஈரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மலாயில் நிதானமாகச் சொன்னார்:

"இந்தத் தண்ணியே மன்னிப்புக் கேட்கத்தான். எங்க பிள்ளைங்க வருஷம் பூரா தப்பு செஞ்சுட்டு இன்னிக்கு வந்து ஊத்துறாங்க. நீ செஞ்ச சூட்டோட ஊத்திட்ட. புத்தர் விசாகத்துக்கும் நீயே பூ கொண்டா, ஆனா கையில கொடு."

இப்போதெல்லாம் மாலையோடு எங்கே போனாலும் நான் முதலில் தேடுவது கழுத்தை அல்ல, என் இடது கையை வைத்துக்கொள்ள ஓர் இடத்தை.